நள்ளிரவுப் பாட்டும் விடியற்கால வழக்கும்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 16:16–40, ஆமோஸ் 5:21–24



பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலையில் பவுலும் சீலாவும் நள்ளிரவில் ஜெபித்துப் பாடியதைக் குறித்துப் பிரசங்கம் கேட்காத தமிழ்க் கிறிஸ்தவர் எவரும் இரார். ‘துதியின் வல்லமை’ என்ற தலைப்பில் ஆண்டுதோறும் நம் மேடைகளில் அது முழங்குகிறது. அவர்கள் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன, கட்டுகள் கழன்றன. ஆகவே நீங்களும் பாடுங்கள், உங்கள் கடனும் நோயும் கவலையும் கழன்றுபோகும் என்ற அழைப்போடு பிரசங்கம் முடிகிறது. கைதட்டலும் கண்ணீரும் பெருகுகின்றன. ஆனால், பிரசங்கம் முடிகிற இடத்தில் வேதபகுதி முடியவில்லை. கட்டுகள் கழன்றதற்குப் பின் பதினான்கு வசனங்கள் உள்ளன. பாட்டு தொடங்குவதற்கு முன்பும் ஒன்பது வசனங்கள் உள்ளன. அவற்றை வாசிக்காமல் நடுவிலுள்ள பாட்டை மட்டும் வெட்டியெடுத்து வைத்துக்கொண்டோம். இந்த வாரச் சிந்தனை அந்த வெட்டுக்கு எதிரானது.

முதலில், அவர்கள் சிறைக்குச் சென்ற காரணத்தைக் கவனியுங்கள். குறிசொல்லும் ஆவி பிடித்த அடிமைப் பெண்ணொருத்தி அவ்வூரில் இருந்தாள். அவளுடைய பிணியே அவளுடைய எஜமான்களுக்கு வருமானம். அவள் விடுதலை பெற்றாள். அவர்களுடைய வருமானம் நின்றது. லூக்கா இதை ஒளிவுமறைவின்றி எழுதுகிறார்: ஆதாய நம்பிக்கை போய்விட்டதைக் கண்ட பின்னரே எஜமான்கள் பவுலையும் சீலாவையும் சந்தைவெளிக்கு இழுத்துச் சென்றனர். ஆனால், அதிகாரிகள் முன் அவர்கள் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இவர்கள் யூதர்கள், நம் ஊரைக் கலக்குகிறார்கள், ரோமருக்கு ஒவ்வாத வழக்கங்களைப் போதிக்கிறார்கள் என்றே குற்றஞ்சாட்டினர். ஆதாயம் பறிபோனவன் பண்பாட்டைக் காக்கப் புறப்படுவது இன்று நேற்றுத் தோன்றிய தந்திரம் அன்று.

அடுத்து, பொழுது விடிந்தபின் நடந்ததைப் பாருங்கள். அதிகாரிகள் சேவகரை அனுப்பி, அவர்களை விட்டுவிடுமாறு கட்டளையிட்டனர். நம்மில் பலர் அந்நேரத்தில் என்ன செய்திருப்போம்? கர்த்தர் வழி திறந்தார், ஸ்தோத்திரம் என்று சொல்லி ஊரைவிட்டுப் புறப்பட்டிருப்போம். பவுல் புறப்படவில்லை. ரோமக் குடிமக்களாகிய எங்களை விசாரணையின்றி ஊரறிய அடித்தீர்கள், இப்போது யாரும் அறியாமல் வெளியே அனுப்பப் பார்க்கிறீர்களா, நீங்களே வந்து அழைத்துச் செல்லுங்கள் என்று பதில் அனுப்பினார். குடிமகனை விசாரணையின்றிச் சாட்டையாலோ கோலாலோ அடிப்பது ரோமச் சட்டத்தின்படி குற்றம். அதிகாரிகள் அஞ்சினர், தாங்களே வந்து வேண்டிக்கொண்டனர். அதன்பிறகும் பவுல் நேரே லீதியாளின் வீட்டுக்குச் சென்று, அங்கிருந்த சகோதரரைத் தேற்றிய பின்னரே ஊரைவிட்டுப் புறப்பட்டார். கள்ளத்தனமாக வெளியேறியிருந்தால், அவர் விட்டுச்சென்ற அச்சிறு சபை ‘குற்றவாளிகளின் கூட்டம்’ என்ற பெயரோடு அவ்வூரில் வாழ்ந்திருக்கும்.

நள்ளிரவில் பாடிய அதே வாய்தான் விடியற்காலத்தில் உரிமையைக் கேட்டது. இடையில் வேறு ஆவியானவர் வந்து இறங்கவில்லை. நள்ளிரவுப் பாட்டைப் பக்தி என்றும், விடியற்கால வழக்கை அரசியல் என்றும் பிரித்தது நாம், வேதம் அன்று.

ஆமோஸ் கேட்கச் சகியாத பாட்டு

‘ஆராதனை வேறு, சமூகநீதி வேறு, சபையின் வேலை ஜெபிப்பது மட்டுமே’ என்று சொல்லும் போதகர்களுக்கு ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம் பெரிய இடையூறு. தெக்கோவாவிலிருந்து வந்த அந்த மேய்ப்பர், வடநாட்டின் ஆராதனைக் கூட்டங்களில் நின்று கடவுளின் பெயரால் சொன்னதன் சாரம் இதுவே: உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன், உங்கள் பாடல்களின் இரைச்சலை என்னைவிட்டு அகற்றுங்கள், உங்கள் வீணைகளின் ஓசைக்கு நான் செவிகொடேன், நியாயம் பெருவெள்ளமாகவும் நீதி வற்றாத ஆறாகவும் ஓடட்டும்.

அப்பாடல்களில் சுருதி பிசகியிருந்ததாக ஆமோஸ் சொல்லவில்லை. தாவீதைப்போல் புதுப்புது இசைக்கருவிகளை உண்டாக்குமளவுக்கு அவர்கள் தேர்ந்தவர்களே என்பதை ஆறாம் அதிகாரம் காட்டுகிறது. குறை வேறிடத்தில் இருந்தது. ஒரு ஜோடி செருப்புக்காக ஏழை விற்கப்பட்டான். மரக்காலைக் குறைத்து, தராசில் கள்ளம் செய்து தானியம் விற்றனர். ஊர்வாசலில், அதாவது அக்காலத்து நீதிமன்றத்தில், கைக்கூலி பேசியது. அவற்றின்மேல் ஒலித்த இசை கடவுளுக்கு இரைச்சலாயிற்று. பெத்தேலின் ஆசாரியனான அமத்சியா ஆமோசுக்குச் சொன்ன பதிலும் நமக்குப் புதிதன்று: இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம், இங்கே பேசாதே, வேறிடம் போய்ப் பிழைத்துக்கொள். ஆலயத்தின் அமைதியைக் காப்பதாக எண்ணி அநியாயத்தின் அமைதியைக் காத்த அந்த ஆசாரியனின் வாரிசுகள் எல்லாத் தலைமுறையிலும் பிறக்கிறார்கள்.

இனிய பாட்டு தானாகவே நீதியைப் பிறப்பிக்கும் என்று நம்புவோர் தமிழ்ச் சபையின் சொந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) நமக்கு அளித்துச் சென்ற செல்வம் அளவிடற்கரியது. குறவஞ்சி வடிவில் நற்செய்தியைப் பாடிய அப்பெரும் புலவரின் கீர்த்தனைகள் இன்றும் நம் ஆலயங்களில் ஒலிக்கின்றன. ஆனால் 1820-களில், சபைக்குள் சாதி வேற்றுமையைக் களைய முற்பட்ட புதிய மிஷனரிமாரை எதிர்த்து வாதிட்டவர்களுள் அவரும் முன்னின்றார். அம்மிஷனரிமாரோ சாதியோடு சேர்த்துத் தமிழிசையையும் ஆலயத்தைவிட்டு வெளியேற்றப் பார்த்தனர். ஒரு தரப்பு பாட்டைக் காத்துச் சாதியையும் காத்தது. மறு தரப்பு சாதியை எதிர்த்துப் பாட்டையும் எதிர்த்தது. இரு தரப்பாருக்கும் இடையே நின்ற ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவருக்குத் தம் குரலில் பாடும் உரிமையும் கிடைக்கவில்லை, ஒரே பந்தியில் அமரும் உரிமையும் கிடைக்கவில்லை. புலவரைச் சிறுமைப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. கீர்த்தனை எவ்வளவு உயர்ந்ததாயினும், அதைப் பாடும் சபையின் அநீதியை அது தானாகக் கழுவாது என்பதற்கு நம் வீட்டிலேயே சாட்சி உண்டு என்பதற்காகவே எழுதுகிறேன்.

பாட்டு எதற்கு?

இனி எதிர்த்திசையிலிருந்து வரும் கேள்விக்கு வருவோம். ‘அப்படியானால் பாட்டும் ஜெபமும் எதற்கு? பாடினால் கூலி உயருமா? ஜெபித்தால் வழக்கு வெல்லுமா? அவை ஏழையை மயக்கும் மருந்துதானே’ என்று உரிமைப் போராளிகள் சிலர் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. மயக்கும் பாட்டுகள் உண்டு. ஆயினும் விடையை வரலாற்றிலிருந்தே தர இயலும்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், பருத்தித் தோட்டக் குத்தகைக் கூலிக் குடும்பத்தில் 1917-ஆம் ஆண்டு, இருபதாவது பிள்ளையாகப் பிறந்தவர் ஃபேனி லூ ஹேமர். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை ஏட்டில் இருந்தது. பதியச் சென்றால் வேலை போகும், வீடு போகும், உயிரும் போகும். 1962 ஆகஸ்டு 31 அன்று பதினேழு பேரோடு பேருந்தில் சென்று வாக்காளராகப் பதிய அவர் முயன்றார். திரும்பும் வழியில் காவலர் பேருந்தை நிறுத்தினர். உள்ளே அச்சம் பரவியபோது அவர் பாடத் தொடங்கினார். ஞாயிறு பள்ளியில் குழந்தைகள் பாடும் எளிய பாடல்கள்தாம் அவை. அன்று மாலையே, தாம் பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார்.

அடுத்த ஆண்டு ஜூன் 9 அன்று, வாக்குரிமைப் பயிற்சி முடித்துத் திரும்பிய அவரும் தோழர்களும் வினோனா என்னும் ஊரில் கைது செய்யப்பட்டனர். சிறையில் கறுப்பினக் கைதிகளையே கட்டாயப்படுத்தி அவரை அடிக்கச் செய்தனர். அந்த அடியின் பாதிப்பு வாழ்நாளெல்லாம் அவர் உடலில் தங்கியது. எழ இயலாது கிடந்த அவர் அந்தச் சிறையறையில் தோழியரோடு பாடினார். கர்த்தர் தம்மோடு நடக்க வேண்டும் என்னும் விண்ணப்பமே அப்பாட்டு. பவுலும் சீலாவும் கட்டுண்டு கிடந்ததைச் சொல்லும் பழைய பாடலொன்று அவ்வியக்கத்தின் ஊர்வலப் பாடலாகவே மாறியிருந்தது. அம்மக்களுக்கு அப்போஸ்தலர் பதினாறாம் அதிகாரம் வேதபாட வகுப்பில் படிக்கும் பழங்கதையாக இல்லை. அன்றன்று நடக்கும் செய்தியாக இருந்தது.

விடியற்கால வழக்கு தொடர்ந்தது. அடித்த காவலர் மீது வழக்கு நடந்தபோது ஹேமர் சாட்சி சொன்னார். வெள்ளையர் மட்டுமே அடங்கிய நடுவர் குழு அவர்களை விடுவித்தது. அவர் ஓயவில்லை. 1964 ஆகஸ்டு 22 அன்று, அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சியின் குழுவொன்றின் முன் அமர்ந்து, தமக்கு நேர்ந்ததை நாடறியச் சொன்னார். அவ்வேளையில் நாட்டின் கவனத்தைத் திருப்ப அதிபர் ஜான்சனே அவசரமாகச் செய்தியாளர்களைச் சந்தித்தார். அன்றிரவே தொலைக்காட்சிகள் அச்சாட்சியத்தை மீண்டும் ஒளிபரப்பின. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. ஒரு பாட்டால் அச்சட்டம் வந்ததென்று எவரும் சொல்லார். ஆனால் பாட்டும் ஜெபமும் இல்லாதிருந்தால், அடிபட்ட அந்தப் பெண் மறுநாள் எழுந்து நிற்கும் வலிமையை எங்கிருந்து பெற்றிருப்பார்?

ஜெபமும் அவ்வாறே. கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து நிக்கோலாய் ஆலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் சமாதானத்துக்கான ஜெபக்கூட்டம் நடந்துவந்தது. பல வாரங்கள் ஒரு சிலரே கூடினர். 1989 அக்டோபர் 9 அன்று, இருக்கைகளை நிரப்பிவிட ஆளுங்கட்சி தன் ஆட்களையே முன்னதாக அனுப்பியது. அவர்களும் ஜெபத்தைக் கேட்டபடி அமர்ந்திருந்தனர். ஜெபம் முடிந்து வெளியே வந்தவர்களோடு ஏறத்தாழ 70,000 பேர் மெழுகுவர்த்தி ஏந்தி நடந்தனர். துப்பாக்கிகள் ஆயத்தமாய் இருந்தும் வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. ஆலயத்துக்குள் ஏழாண்டுகள் மண்டியிட்டு ஜெபித்த முழங்கால்களே தெருவில் நடுங்காது நின்றன. தெருவில் கல்லெறியாமல் காத்ததும் அந்த ஜெபமே.

பிலிப்பி சிறையைக் குறித்து லூக்கா எழுதிய ஒரு சிறு குறிப்பை இங்கே நினைவுகூர்கிறேன்: மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆராதனையின் உரைகல் இதுவே. கட்டுண்டவர் காதில் நம் பாட்டு எப்படி விழுகிறது? தமக்கும் விடுதலை உண்டென்று விழுகிறதா, அல்லது தம்மை மறந்தோரின் களிப்பாக விழுகிறதா? அன்று கழன்றவை பாடியவரின் கட்டுகள் மட்டுமல்ல. எல்லாருடைய கட்டுகளும் கழன்றன.

வாசலுக்கு வெளியே நின்ற பறை

நம் மண்ணுக்கு வருவோம். பறையை அடிக்கும்படி ஒரு மக்களைக் கட்டாயப்படுத்திவிட்டு, அதை அடித்ததற்காகவே அவர்களைத் தீண்டாதவர் என்று ஒதுக்கிய சமூகம் இது. சாவுக்கு அடிக்க வேண்டும். சோற்றுக்குக் காத்து நிற்க வேண்டும். அம்மக்கள் கிறிஸ்துவிடம் வந்தபோது நாம் என்ன செய்தோம்? பறையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னோம். ஆர்மோனியத்துக்கும் வயலினுக்கும் பின்னர் கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் திறந்த கதவு பறைக்கு மட்டும் திறக்கவில்லை. அக்கருவியில் அசுத்தம் உண்டு என்றோம். அசுத்தம் தோலில் இல்லை, நம் பார்வையில் இருந்தது.

இதை எதிர்த்துப் பாட்டாலேயே வழக்காடியவர் அருள்திரு ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005). ‘பறட்டை’ என்ற பெயரால் அறியப்பட்ட அவர், மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, நாட்டுப்புற மெட்டில் ஆராதனை முறையையே அமைத்தார். பேச்சுத் தமிழும் பறையும் திருவிருந்து மேசையருகே வந்தன. நாட்டுப்புற இசைக்குக் கட்டணம் கட்டிப் பயில வேண்டிய தேவையில்லை. பாமரர் தாமே அதைப் பாடலாம், தம் நிலைமைக்கேற்ப மாற்றவும் செய்யலாம். ஆகவே அது விடுதலையின் கருவியாகும் என்பது அவர் கொள்கை. ‘இது ஆலயத்துக்குத் தகுந்த இசையா’ என்ற முணுமுணுப்பு அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. மாட்டுத்தொழுவில் பிறந்தவரை ஆராதிக்க எந்த இசை தகாது என்பதை முணுமுணுப்போரே சொல்லட்டும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பறையை மேடையேற்றிவிட்டு, அதை அடிப்பவருடைய பிள்ளையைப் பெண் பார்க்கும் பட்டியலிலிருந்தும் ஆயர்மன்றத் தேர்தலிலிருந்தும் நீக்கிவைத்தால், அதுவும் ஆமோஸ் கேட்கச் சகியாத இரைச்சலே. ஒரே திருவிருந்தில் பங்குபெற்றவர்களைக் கல்லறையில் சுவர் எழுப்பிப் பிரிக்கும் ஊர்கள் இன்னும் உள்ளன. உயிர்த்தெழுதலின் நாளில் எக்காளம் தொனிக்கும்போது அந்தச் சுவரின் இப்பக்கம் உள்ளோர் முதலிலும் அப்பக்கம் உள்ளோர் பிறகும் எழுவார்களோ?

1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, தலித் கிறிஸ்தவர்களுக்கு அட்டவணைச் சாதியினரின் உரிமைகளை மறுத்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த அக்கதவு நமக்கு இன்றளவும் திறக்கவில்லை. ஆகஸ்டு 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரித்து நாம் கேட்பது நியாயமான வழக்கு. ஆனால் அந்த வழக்கின் வாதம் யாது? மதம் மாறியும் சாதிக் கொடுமை மாறவில்லை என்பதே. அரசின் முன் அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் நாம் நமக்கு எதிராகவும் சாட்சி சொல்லுகிறோம். தெருவில் கேட்கும் நீதியை ஆலயத்துக்குள் மறுக்கும் சபை, தன் வழக்கைத் தானே தோற்கடிக்கிறது.

செய்ய வேண்டியவை

பொதுவாகக் கடிந்துகொள்வது எளிது. ஆகவே சில காரியங்களைக் குறிப்பாகச் சொல்லுகிறேன்.

நம் மன்றாட்டு ஜெபங்கள் பெயரும் இடமும் உள்ளவையாகட்டும். ‘ஏழை எளியோரை நினைத்தருளும்’ என்ற ஒரு வரியில் அனைவரையும் அடக்கிவிடுகிறோம். கழிவுநீர்க் குழியில் இறங்கி மாண்டவருக்காக ஜெபிக்கிறீர்களா? மலக்குழி மரணத்தைத் தடுக்க 2013-இல் சட்டம் இயற்றப்பட்டதையும், அவ்வாறு இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் அறிந்து ஜெபியுங்கள். அப்போது ‘ஆமென்’ சொன்னபின் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதும் தெரியும்.

ஒலிபெருக்கிக்கும் மேடை விளக்குக்கும் சபை செலவிடும் தொகையையும், ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் ஊழியருக்குத் தரும் மாதச் சம்பளத்தையும் ஒரே தாளில் எழுதி, வருடாந்தரக் கூட்டத்தில் வாசியுங்கள். நம் ஆராதனையைக் கடவுள் எந்தச் செவியால் கேட்கிறார் என்பதை அந்தத் தாள் சொல்லும்.

பாடல்களைத் தெரிந்துகொள்ளும்போது, ‘நான்’, ‘எனக்கு’, ‘என்னை’ என்பவை எத்தனை, ‘நாம்’, ‘நமக்கு’ என்பவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மிரியாமின் பாட்டு விடுதலையான அடிமைகளின் பாட்டு. அன்னாளின் பாட்டிலும் மரியாளின் பாட்டிலும் பலவான்கள் தாழ்கிறார்கள், பசித்தோர் நிரம்புகிறார்கள். வேதத்துப் பெண்கள் பாடியதை நம் பாடகர் குழுக்கள் பாட அஞ்சுவது ஏன்?

கல்லறையில் சுவர் இருக்கும் சபைகள், அதை இடிக்கும் வரை உயிர்த்தெழுந்த ஞாயிறு விடியற்கால ஆராதனையை அந்தச் சுவரருகே நடத்தட்டும். அங்கே நின்று பாடிப் பார்க்கட்டும்.

அன்பானவர்களே, பாடுவதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. ஜெபத்தைக் குறையுங்கள் என்றும் சொல்லவில்லை. இன்னும் பாடுங்கள், இன்னும் ஜெபியுங்கள். விடிந்ததும் அதிகாரிகளுக்குப் பதில் அனுப்பவும் ஆயத்தமாயிருங்கள். அந்த அடிமைப் பெண்ணின் எஜமான்கள் இன்னும் சந்தைவெளியில்தான் நிற்கிறார்கள்.

ஜெபம்: நீதியின் கர்த்தாவே, எங்கள் பாட்டு உமது செவிக்கு இரைச்சலாகாதபடி, எங்கள் தராசுகளையும் பந்திகளையும் கல்லறைகளையும் சீர்ப்படுத்தும். கட்டுண்டோர் கேட்டு நம்பிக்கை கொள்ளத்தக்க பாட்டை எங்கள் நாவில் தாரும். நள்ளிரவில் பாடும் விசுவாசத்தையும் விடியற்காலத்தில் பேசும் துணிவையும் பிரிக்காமல் எங்களுக்கு அருளும். சிறைகளைத் திறக்கும் இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.